போலியோவுக்குச் சொட்டு மருந்தா, ஊசியா, இரண்டுமா? குடலில் தங்கும் செல்களை வைத்து ஓர் ஒப்பீடு

போலியோ சொட்டு மருந்து நாள் நெருங்கினாலே வேலூர்ப் பக்கத்துப் பெற்றோரிடமிருந்து இரண்டு விதமான கேள்வி வரும். சத்துவாச்சாரியிலோ காட்பாடியிலோ தனியார் மருத்துவரிடம் போலியோ உட்பட ஆறு நோய்க்கும் சேர்த்த ஊசியைப் பணம் கட்டிப் போட்டவர்கள், "அதான் ஊசியே போட்டாச்சே, சொட்டு இன்னாத்துக்கு?" என்கிறார்கள். அணைக்கட்டு, ஒடுகத்தூர்ப் பக்கக் கிராமங்களில் கேள்வி திரும்பி வருகிறது: "பொறந்ததிலேர்ந்து சொட்டு தவறாம குடுக்கிறோம், அப்புறம் கையில அந்தச் சின்ன ஊசி எதுக்கு? புள்ள அழுவுது."

இரண்டும் நியாயமான கேள்விதான். ஒரே நோய்க்கு எதற்கு இரண்டு மருந்து என்று யாரும் அவர்களுக்கு விளக்கிச் சொல்வதில்லை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலான குழந்தைகளுக்கு இரண்டும் வேண்டும். ஒரு சாராருக்கு மட்டும் சொட்டு கூடவே கூடாது. காரணம் குடலுக்குள் இருக்கிறது. நோய் எதிர்ப்புச் செல்கள் எங்கே பழகுகின்றன, எங்கே தங்குகின்றன என்பதைத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானே புரியும்.

## எதை வைத்து எடைபோடுவது

முதலில், என் குழந்தையின் கால் பிழைக்குமா? அடுத்தது, கிருமி என் குழந்தையின் குடலில் பெருகி மலத்தின் வழியாகப் பக்கத்து வீட்டுக்குப் போகாமல் நிற்குமா? இந்த இரண்டையும் ஒன்றென்று நினைப்பதால்தான் குழப்பமே வருகிறது. போலியோ கிருமி தொற்றியவர்களில் ஏறக்குறைய 200 பேரில் ஒருவருக்குத்தான் வாதம் வரும். மீதிப்பேர் நன்றாக ஓடி விளையாடிக்கொண்டே வாரக்கணக்கில் கிருமியை வெளியே விடுவார்கள்.

இவற்றோடு பாதுகாப்பு எவ்வளவு காலம் நிற்கும், மருந்தால் வரும் ஆபத்து என்ன, பணமும் அலைச்சலும் எவ்வளவு என்பவற்றையும் பார்க்க வேண்டும்.

## குடலில் செல்கள் தங்குவது எப்படி

போலியோ கிருமி வாய் வழியாக நுழைந்து தொண்டையிலும் சிறுகுடலிலும் பெருகுகிறது. சிறுகுடலின் உட்சுவரில், முக்கியமாக அதன் கடைசிப் பகுதியில், சிறு சிறு மேடுகள் உண்டு. 1677இல் யோஹான் கொன்ராட் பேயர் என்ற சுவிஸ் மருத்துவர் விவரித்ததால் அவற்றுக்குப் பேயர் திட்டுகள் என்று பெயர். அவற்றின் மேல்தோலில் உள்ள எம் செல்கள், குடலில் போகிற வருகிற பொருளிலிருந்து கொஞ்சத்தை எடுத்து உள்ளே காத்திருக்கும் எதிர்ப்புச் செல்களிடம் கொடுக்கும்.

சாதாரண நாளில் லிம்போசைட் என்ற எதிர்ப்புச் செல் ரத்தத்திலிருந்து இந்தத் திட்டுக்குள் நுழையும். சில மணி நேரத்திலிருந்து ஒரு நாள் வரை சுற்றிப் பார்க்கும். தனக்கு வேலை இல்லையென்றால் நிணநீரோடு வெளியேறிவிடும். வெளியே போக வழிகாட்டுவது எஸ்1பி என்ற கொழுப்புப் பொருள். ரத்தத்திலும் நிணநீரிலும் அது அதிகம், திசுவுக்குள் குறைவு. செல்லின் மேலிருக்கும் ஏற்பி ஒன்று அதை உணர்ந்து, அதிகமாக இருக்கும் பக்கம் செல்லை நகர்த்துகிறது.

தொற்று வந்தவுடன் இந்தப் போக்குவரத்து மாறுகிறது. கிருமியைக் கண்ட செல்கள் இன்டர்ஃபெரான் என்ற எச்சரிக்கைப் புரதத்தைச் சுரக்கின்றன. அது பட்ட லிம்போசைட்டுகளின் மேல் சிடி69 என்ற புரதம் முளைக்கிறது. சிடி69 அந்த எஸ்1பி ஏற்பியைப் பிடித்துச் செல்லுக்குள்ளேயே இழுத்துவிடும். ஏற்பி இல்லாத செல்லுக்கு வாசல் தெரியாது, அதனால் உள்ளேயே நிற்கும். எலிகளில் செய்த ஆய்வு ஒன்று 2006இல் இதைத் தெளிவாகக் காட்டியது. நம் ஊர்க் கல்யாண மண்டப வாசலில் "சாப்பிடாம போகக்கூடாது" என்று கையைப் பிடித்து நிறுத்தும் மாமாவின் வேலைதான் சிடி69இன் வேலை.

வெளியே போவது நின்றாலும் உள்ளே வருவது நிற்பதில்லை. அதனால் நிணநீர்க்கணு வீங்கும். காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டுகிறதே, அதில் ஒரு பங்கு இப்படி நிறுத்தி வைக்கப்பட்ட செல்களால் ஆனதுதான். குடலுக்குள் நடப்பது நம் கைக்குத் தட்டுப்படாது, அவ்வளவுதான் வித்தியாசம். செல்களை இப்படி நிறுத்துவதால் உடலுக்குப் பெரிய லாபம் உண்டு. குறிப்பிட்ட கிருமியை அடையாளம் காணக்கூடிய செல் மிக அரிது. கூட்டத்தை வெளியே விடாமல் வைத்திருந்தால்தான் அந்த அரிய செல்லும் கிருமியின் துண்டும் சந்திக்கும் வாய்ப்பு கூடும். சந்தித்த செல் சில நாள் அங்கேயே பெருகும். பிறகு சிடி69 குறைந்து, ஏற்பி மறுபடி மேலே வந்து, பெருகிய கூட்டம் வெளியேறும்.

நம் முடிவுக்கு மிக முக்கியமான விஷயம் இனிமேல்தான் வருகிறது. பேயர் திட்டிலும் குடலை ஒட்டிய நிணநீர்க்கணுக்களிலும் உள்ள டென்ட்ரிடிக் செல்கள் (கிருமியின் துண்டுகளை லிம்போசைட்டுகளுக்குக் காட்டுபவை), வைட்டமின் ஏயிலிருந்து ரெட்டினாயிக் அமிலம் தயாரிக்கின்றன. அங்கே பெருகும் லிம்போசைட்டுகள் அந்த அமிலத்தால் ஆல்பா4பீட்டா7, சிசிஆர்9 என்ற இரண்டு அடையாளங்களைப் பெறுகின்றன. குடல் சுவரின் ரத்தக் குழாய்களில் ஆல்பா4பீட்டா7க்குப் பொருந்தும் புரதம் இருக்கிறது. சிறுகுடல் சுரக்கும் ஒரு சமிக்ஞை சிசிஆர்9ஐ அழைக்கிறது. அதனால் உடம்பு முழுக்கச் சுற்றினாலும் இந்தச் செல்கள் குடலுக்கே திரும்பி வரும். வைட்டமின் ஏ இல்லாத உணவில் வளர்ந்த எலிகளின் குடலில் டி செல்கள் (லிம்போசைட்டில் ஒரு வகை) வெகுவாகக் குறைந்திருந்ததை மகோடோ இவாடாவின் ஆய்வுக் குழு 2004இல் காட்டியது.

திரும்பி வந்தவற்றில் பி செல்கள் என்ற இன்னொரு வகை, கிருமியைப் பிடித்து முடக்கும் ஐஜிஏ எதிர்ப்பொருளைச் சுரக்கும் செல்களாக மாறிக் குடல் சுவரில் குடியேறுகின்றன. சில டி செல்கள் சிடி103 என்ற கொக்கியால் குடலின் மேல்தோல் செல்களைப் பிடித்துக்கொண்டு அங்கேயே தங்குகின்றன. அவை ரத்தத்துக்குத் திரும்புவதில்லை. அடுத்த முறை கிருமி வாய் வழியாக வந்தால் முதலில் எதிர்கொள்பவை இவைதான்.

தொடையில் போட்ட ஊசியில் என்ன நடக்கிறது? மருந்து தொடை இடுக்கு நிணநீர்க்கணுவுக்குப் போகிறது. அங்கேயும் செல்கள் நிறுத்தப்படும், பெருகும், வெளியேறும். ஆனால் அங்கே ரெட்டினாயிக் அமிலப் பயிற்சி கிடையாது. குடலுக்கான அடையாளம் கிடைக்காத அந்தச் செல்கள் ரத்தத்தில் எதிர்ப்பொருளை நிரப்புகின்றன, எலும்பு மஜ்ஜையில் குடியேறுகின்றன. குடல் வாசலில் அவை நிற்பதில்லை.

## சொட்டு மருந்து மட்டும்

சொட்டில் இருப்பது வலுவிழக்கச் செய்த உயிருள்ள கிருமி. மேலே சொன்ன பாதை முழுவதையும் அது நடந்து காட்டுகிறது. குடல் செல்கள் அங்கேயே பழகி அங்கேயே தங்குவதால், பரவலைத் தடுக்க இதற்கு இணையான மருந்து இல்லை. இலவசம், இரண்டு சொட்டு, ஊசி வலி இல்லை. அங்கன்வாடியிலும் பேருந்து நிலையத்திலும் தன்னார்வலரே கொடுத்துவிடலாம். 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுராவில் வந்த நோயாளியோடு இந்தியாவில் இயற்கைப் போலியோ (மருந்திலிருந்து வராமல் இயல்பாகவே பரவும் கிருமியால் வருவது) முடிந்தது. அதற்கு இந்தச் சொட்டுதான் முதற்காரணம்.

ஆனால் சொட்டின் பலவீனத்தை உலகுக்கு எடுத்துச் சொன்னதும் நம் ஊர்தான் என்பதை வேலூர்க்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் டி. ஜேக்கப் ஜான், மேலை நாடுகளில் போதுமானதாக இருந்த மூன்று தவணை சொட்டு இங்குள்ள குழந்தைகளுக்குப் போதவில்லை என்று 1970களிலேயே காட்டினார். அப்போது வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை எல்லாம் சேர்ந்த ஒரே வட ஆற்காடு மாவட்டம். பின்னாளில் வந்த கணக்கும் அதையே உறுதி செய்தது. போலியோ கிருமியில் மூன்று வகை உண்டு. அதில் முதல் வகைக்கு எதிராக ஒரு தவணை சொட்டின் பலன் உத்தரப் பிரதேசத்தில் 9 விழுக்காடு, பெரும்பாலான மற்ற மாநிலங்களில் 21 விழுக்காடு என்று 2006இல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அதனால்தான் இங்கே திரும்பத் திரும்பக் கொடுக்கிறார்கள். "எத்தனை தடவைதான் குடுப்பாங்க" என்று சலித்துக்கொள்பவர்களுக்கு இதுதான் பதில்.

ஏன் பிடிப்பதில்லை? குழந்தையின் குடலில் ஏற்கெனவே வேறு என்டெரோவைரஸ்கள் (குடலில் வளரும் வைரஸ்கள்) இடம் பிடித்திருக்கும். அடிக்கடி வரும் வயிற்றுப்போக்கால் குடல் சுவர் தேய்ந்திருக்கும். கெட்ட பாக்டீரியாவைக் குறைத்தால் சரியாகுமா என்று வேலூரில் கைக்குழந்தைகளுக்கு அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்தே பார்த்தார்கள். பாக்டீரியா குறைந்தது, சொட்டின் பலன் கூடவில்லை. இந்த முடிச்சு அவ்வளவு எளிதில் அவிழ்வதாக இல்லை.

சொட்டில் வெளியே தெரியாத விலைகளும் உண்டு. குடலில் தங்கிய பாதுகாப்பு ஓராண்டுக்குள்ளேயே தேயத் தொடங்கும். 2016 ஏப்ரலுக்குப் பிறகு சொட்டில் இரண்டாம் வகைக் கிருமி இல்லை, ஆகவே அந்த வகைக்கு எதிராகச் சொட்டு எதுவும் செய்யாது. மிக அரிதாக, ஏறக்குறைய 27 லட்சம் தவணைக்கு ஒன்று என்ற அளவில், சொட்டிலுள்ள கிருமியே வாதத்தை உண்டாக்கியிருக்கிறது. பெரும்பாலும் முதல் தவணையில். நம் ஊர் வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும், ஏனென்றால் இந்த மருந்து சூட்டைத் தாங்காது. குப்பியின் லேபிளில் ஒரு வட்டத்துக்குள் சதுரம் இருக்கும். சதுரம் வட்டத்தைவிட வெளிறி இருந்தால் மருந்து நன்றாக இருக்கிறது. சதுரமும் வட்டமும் ஒரே நிறமாகிவிட்டால் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு.

## ஊசி மட்டும்

ஊசியில் இருப்பது கொல்லப்பட்ட கிருமி, மூன்று வகையும். எந்த வகையாலும் அது வாதத்தை உண்டாக்காது. ரத்தத்தில் அது உருவாக்கும் எதிர்ப்பொருள், கிருமி குடலிலிருந்து நரம்புக்குப் போகும் பாதையை அடைத்துவிடும். உங்கள் குழந்தையின் காலைக் காப்பதில் முழுத் தவணை ஊசிக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன்.

குறை குடலில்தான். இஸ்ரேல் 2005 முதல் ஊசி மட்டுமே போட்டுவந்த நாடு. 2013இல் அங்கே சாக்கடை நீரில் இயற்கைப் போலியோ கிருமி மாதக்கணக்கில் கண்டுபிடிக்கப்பட்டது. யாருக்கும் வாதம் வரவில்லை, ஆனால் ஊசி போட்ட குழந்தைகளின் குடல் வழியாகவே கிருமி பரவிக்கொண்டிருந்தது. கடைசியில் குழந்தைகளுக்குச் சொட்டு கொடுத்துத்தான் நிறுத்தினார்கள். 2022இல் நியூயார்க் மாநிலத்தில் தடுப்பூசியே போடாத ஒருவருக்கு வாதம் வந்ததும் ஊசி மட்டும் போடும் நாட்டில்தான். ஊசி போட்டவர்களின் கால்கள் தப்பின, போடாதவர் மாட்டிக்கொண்டார்.

மூடிய சாக்கடையும் சுத்தமான குழாய்நீரும் உள்ள ஊர்களில் கிருமி மலத்தைவிடத் தொண்டை வழியாகவே அதிகம் பரவுகிறது. தொண்டைக் கிருமியை ஊசியும் குறைக்கும். அதனால் அங்கே ஊசி மட்டும் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கிறது. வீட்டு முன்னால் திறந்த கால்வாய் ஓடும் தெருக்களுக்கு அந்தக் கணக்கைக் கொண்டுவர முடியாது.

பணச் செலவு தெரிந்ததுதான். தனியாரிடம் ஆறு நோய் ஊசி ஒரு தவணைக்கே சில ஆயிரம் ரூபாய். அதைவிடப் பெரிய விலை, "எல்லாம் முடிஞ்சுது" என்ற நிம்மதியில் சொட்டு நாளன்று வீட்டிலேயே இருந்துவிடுவது.

ஊசி மட்டுமே சரி என்ற நிலையும் உண்டு. பிறவியிலேயே எதிர்ப்புச் சக்தி குறைந்த குழந்தை, புற்றுநோய்ச் சிகிச்சையில் இருக்கும் குழந்தை, உறுப்போ மஜ்ஜையோ மாற்றப்பட்ட குழந்தை, அதிக அளவு ஸ்டீராய்டு எடுக்கும் குழந்தை ஆகியோருக்கு உயிருள்ள கிருமி கொடுக்கக் கூடாது. சிலருடைய குடலில் அது ஆண்டுக்கணக்கில் தங்கி உருமாறும். அவர்களோடு ஒரே வீட்டில் வளரும் மற்றக் குழந்தைகளுக்கும் சொட்டைத் தவிர்ப்பதே நல்லது. முன்பு பிறந்த பிள்ளை காரணம் தெரியாத தொற்றால் கைக்குழந்தையிலேயே இறந்திருந்தால், அடுத்த குழந்தைக்குச் சொட்டு கொடுக்கும் முன் மருத்துவரிடம் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். சிகிச்சைக்காக வெளியூர்களிலிருந்து வந்து மாதக்கணக்கில் வேலூரில் தங்கும் குடும்பங்கள், தெருவில் சொட்டு கொடுக்க வருபவரிடமும் வீட்டில் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர் இருப்பதைச் சொல்ல வேண்டும்.

## சொட்டும் ஊசியும்

இங்கேதான் வேலூரின் பங்கு மிகப் பெரிது. ஏற்கெனவே பலமுறை சொட்டு குடித்த 1 முதல் 4 வயதுள்ள 450 குழந்தைகளை எடுத்து, பாதிப்பேருக்கு ஓர் ஊசி போட்டார்கள். பிறகு எல்லோருக்கும் சொட்டு கொடுத்து, ஒரு வாரம் கழித்து மலத்தில் கிருமி வருகிறதா என்று பார்த்தார்கள். ஊசி போடாதவர்களில் 26 விழுக்காட்டினர் மூன்றாம் வகைக் கிருமியை வெளியே விட்டார்கள். ஊசி போட்டவர்களில் 8 விழுக்காடுதான். முதல் வகையில் ஊசி போடாதவர்களில் 19 விழுக்காடு, போட்டவர்களில் 12. லான்செட் இதழில் 2014இல் வெளிவந்த இந்த முடிவும், அதே ஆண்டு உத்தரப் பிரதேசத்தின் மொராதாபாதில் கிடைத்த இதே போன்ற முடிவும், உலக அளவில் தடுப்பூசிக் கொள்கை வகுப்பவர்களுக்குக் கை கொடுத்தன.

ஊசிக்குக் குடல் தெரியாது என்றேனே, பிறகு எப்படி இது? சொட்டு குடித்த குழந்தையிடம் குடல் அடையாளம் பெற்ற நினைவுச் செல்கள் ஏற்கெனவே இருக்கின்றன. ஊசி அவற்றைத் தட்டி எழுப்புகிறது. புதிதாகப் பயிற்சி கொடுக்க ஊசியால் முடியாது, பயிற்சி பெற்றவற்றைப் பெருக்க முடியும். இந்த ஆய்வில் அளந்தது மலத்தில் வரும் கிருமியைத்தான்; குடல் சுவரில் தங்கிய செல்களை எண்ணிப் பார்க்கவில்லை. ஆனாலும் அந்த எண்களுக்கு மிகப் பொருத்தமான விளக்கம் இதுதான் என்று நினைக்கிறேன்.

அரசு அட்டவணை இந்த அடிப்படையில்தான் அமைந்திருக்கிறது. பிறந்தவுடன் ஒரு சொட்டு, பிறகு 6, 10, 14 வாரங்களில், அப்புறம் 16 முதல் 24 மாதத்துக்குள் ஒன்று. கூடவே 6 வாரம், 14 வாரம், 9 மாதத்தில் மேல்கையில் தோலுக்குள் 0.1 மில்லி ஊசி. வழக்கமான அளவு 0.5 மில்லி, இது அதில் ஐந்தில் ஒரு பங்கு. 9 மாதத் தவணை 2023 ஜனவரியில் சேர்க்கப்பட்டது. அதற்கு முன்னாலேயே 9 மாதம் தாண்டிய பிள்ளைகளின் அட்டையில் அது இருக்காது, பதற வேண்டாம்.

தனியாரில் ஊசி முழுவதும் போட்ட குழந்தைக்கு அதன் பிறகு சொட்டு கொடுத்தால் பயன் உண்டா? உண்டு. குடல் அப்போது பயிற்சி பெறும். ரத்தத்தில் ஏற்கெனவே எதிர்ப்பொருள் இருப்பதால், சொட்டால் வாதம் வரும் அந்த அரிய ஆபத்தும் ஏறக்குறைய இல்லாமலே போய்விடுகிறது. முதலில் கேட்ட "சொட்டு இன்னாத்துக்கு" என்ற கேள்விக்கு என் பதில் இதுதான். இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கமும் ஊசி போட்ட குழந்தைகளுக்குச் சொட்டு நாளில் சொட்டு கொடுக்கவே சொல்கிறது.

இந்த வழியில் அலைச்சல் கூடும். தோலுக்குள் போடும் ஊசிக்குப் பழகிய கை வேண்டும். சரியாகப் போட்டால் அந்த இடத்தில் சின்னக் கொப்புளம் போல் எழும்பும். பாதி தனியாரில், பாதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் என்று போடுபவர்களுக்கு இரண்டு அட்டை சேர்ந்து, எது போட்டது எது விட்டது என்று தெரியாமல் போகிறது. ஒரே அட்டையில் எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள்.

## ஒரே பார்வையில்

| எதைப் பார்க்கிறோம் | சொட்டு மட்டும் | ஊசி மட்டும் | இரண்டும் |
|---|---|---|---|
| வாதத்திலிருந்து காப்பு | பல தவணை வேண்டும். இரண்டாம் வகைக்கு இல்லை | மிக நன்று, மூன்று வகைக்கும் | மிக நன்று, மூன்று வகைக்கும் |
| குடலில் தங்கும் செல்கள் | உருவாகும், தேயும் | ஏறக்குறைய இல்லை | உருவாகும், ஊசியால் பெருகும் |
| மருந்தால் வாதம் | மிக மிக அரிது | இல்லை | இன்னும் அரிது |
| செலவு | இலவசம் | தனியாரில் ஆயிரக்கணக்கில் | அரசு நிலையத்தில் இலவசம் |
| யாருக்குப் பொருந்தும் | ஊசி கிடைக்காத இடம், அவசரப் பரவல் | எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள், அவர்கள் வீட்டுக் குழந்தைகள் | மற்ற எல்லோரும் |

## இன்னும் சில நிலைமைகள்

சொட்டு நாளன்று குழந்தைக்கு லேசான சளி, காய்ச்சல் இருந்தால் கொடுக்கலாம். வயிற்றுப்போக்கு இருந்தாலும் கொடுக்கலாம், ஆனால் அந்தத் தவணையைக் கணக்கில் சேர்க்காமல் குணமான பிறகு இன்னொன்று கொடுத்துவிடுங்கள்.

பெங்களூருக்கும் ஊருக்கும் மாறி மாறி வேலைக்குப் போய்வரும் குடும்பங்கள் எந்த ஊரில் இருக்கிறார்களோ அங்கேயே போட்டுக்கொள்ளலாம். அரசு அட்டவணை நாடு முழுதும் ஒன்றுதான். 14 வார ஊசி தள்ளிப்போனதால் 9 மாத ஊசியையும் விட்டுவிடுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. விட்ட இடத்திலிருந்து தொடரலாம், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டாம்.

ரோட்டா வைரஸுக்கு இந்தக் குழப்பம் கிடையாது. அதற்கு ஊசி சந்தையில் இல்லை, வாய் வழி மருந்து மட்டும்தான். நம் நாட்டுத் தயாரிப்பான ரோட்டாவாக்கை டெல்லி, புனே, வேலூர் ஆகிய இடங்களில்தான் சோதித்துப் பார்த்தார்கள். பலன் ஏறக்குறைய பாதிதான் என்றாலும், ரோட்டா வைரஸால் கடும் வயிற்றுப்போக்கு வந்து மருத்துவமனைக்கு ஓடும் குழந்தைகளில் பாதிப்பேர் ஓடாமல் இருப்பது சின்ன விஷயமா? அதை விடாமல் கொடுங்கள். முதல் தவணை 6 வாரத்தில். ஒரு வயது தாண்டிவிட்டால் அரசு நிலையத்தில் அதைத் தொடங்க மாட்டார்கள்.